மருந்தை வெளியே இறைக்கும் பம்பி

வவுனிக்குளத்து நீரில் வயல் செய்கிற ஒருவர் கேட்டிருந்தார்: "சேத்துக்குள்ளை நிண்டு காலிலை வந்த புண். பாமசியிலை அமொக்சிசிலின் வாங்கிப் பத்து நாள் போட்டன். காய்ச்சலும் விடேல்லை, புண்ணும் ஆறேல்லை. மருந்து பழசோ?"

உங்களுக்கு வந்தது எந்தக் கிருமி என்று ஆஸ்பத்திரிதான் சொல்ல வேண்டும். ஆனால் வயற்காரர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: புர்கோல்டேரியா சூடோமல்லை. ஈர மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் பற்றீரியா. 1911இல் ரங்கூனில் இனங்காணப்பட்டது, இலங்கையிலும் இருக்கிறது. உள்ளே போக வெடித்த குதிக்கால் போதும். அது தரும் நோய் மெலியொய்டோசிஸ். சீனி வருத்தக்காரருக்கு ஆபத்து அதிகம்.

இந்தக் கிருமி அமொக்சிசிலின் போன்றவற்றை நொதியமொன்றால் வெட்டிவிடும். ஜென்டாமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தையோ உள்ளே வர வர ஒரு பம்பியால் வெளியே இறைத்துவிடும். இந்த இறைப்பைப் படித்த நாள் முதல் எனக்கு அதில் தீராத வியப்பு.

இதே குடும்பப் பம்பி, குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவிலும் உண்டு. அது வேலை செய்யும் விதம் 2006இல் தெளிவானது. ஒரே மாதிரியான மூன்று புரதங்கள் முக்கோணமாக நெருங்கி நிற்கின்றன. ஒன்று வாய் திறந்து மருந்து மூலக்கூறை வாங்குகிறது. அதே நேரம் மற்றொன்று தான் வாங்கியதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மூன்றாவது தன்னிடம் உள்ளதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. உடனே முறை மாறுகிறது. வாங்கியது பிடிக்கும், பிடித்தது தள்ளும், தள்ளியது மறுபடி வாய் திறக்கும்.

இதற்கு மண்ணெண்ணெய் எது? கிருமியைச் சுற்றியுள்ள உள்மென்சவ்வுக்கு வெளியே புரோத்தன்கள், அதாவது நேரேற்றமுள்ள ஐதரசன் துணிக்கைகள், அணைகட்டிய குளத்து நீர்போல் தேங்கி நிற்கின்றன. துருசு திறந்தால் நீர் வாய்க்காலுக்குப் பாய்வதுபோல, அவை பம்பிக்கூடாக உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலின் விசையில் மருந்து வெளியே போகிறது.

ஜென்டாமைசினும் மண்ணின் பிள்ளைதான். மைக்ரோமொனோஸ்போரா என்ற மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1963இல் அறிவித்தார்கள். நஞ்சும் மாற்றுமாக நுண்ணுயிர்கள் சண்டையிடும் மண்ணில் வளர்ந்த கிருமியிடம் இப்படியொரு பம்பி இருப்பதில் என்ன ஆச்சரியம்?

கண்டபடி குளிசை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகச் சனத்தை மட்டும் ஏசவும் மாட்டேன். இரத்தத்தையோ சீழையோ எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' சோதனை கிட்ட இருந்தால்தானே போவார்கள்? ஆய்வுகூடத்துக்கும் அதில் வேலை தெரிந்தவர்களுக்கும் காசு ஒதுக்க வேண்டும். கட்டடம் திறந்து பெயர்ப்பலகை வைப்பதைவிட அது அவசரம்.

மெலியொய்டோசிஸ் என்று உறுதியானால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10 நாளாவது நாளத்தால் ஏற்றுவார்கள். பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை, வழக்கமாக 3 மாதமாவது. காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஐயா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீனிக் கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டுபோங்கள். சேற்றில் நின்றதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.