'கீழே உள்ள' என்றால் எங்கே உள்ள?

"கீழே வலப்புறம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்." ஒரு விண்ணப்பப் பக்கத்தில் இருந்த வரி இது. மஞ்சக்குப்பத்து நண்பர் போன் செய்தார். பார்வையற்றவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக் கணினியில் வேலை பார்ப்பவர். "சார், கீழேன்னா எங்க? எனக்கு முந்தினது, அடுத்தது ரெண்டுதானே இருக்கு?"

திரைவாசிப்பானுக்குப் பக்கம் என்பது தலை முதல் வால் வரை ஒரே சரம். அதில் மேல், கீழ், வலம், இடம் ஏது?

தமிழில் மேல், கீழ் இரண்டும் திசைச் சொற்களுக்கும் வேர். மேலிலிருந்து மேற்கு, கீழிலிருந்து கிழக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கடல் பக்கம் சரிகிறதே, அந்தக் கணக்கு. கடலூரில் இன்றும் 'கீழண்டை' என்றால் தேவனாம்பட்டினம் பக்கம்தான்.

மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2.0 பதிப்பு 2008-இல் வந்தது. இடம், வடிவம், அளவு போன்றவற்றை மட்டும் நம்பி அறிவுறுத்தாதே என்கிறது அதன் 1.3.3 விதி. ஆனால் 'மேலே' என்றால் முன்பு வந்தது, 'கீழே' என்றால் அடுத்து வருவது என்று ஐயமின்றிப் புரியும் மொழிகளில் அவற்றை எழுதலாம் என்று அதன் விளக்கவுரை இடம் கொடுக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொள்வது இந்தச் சலுகையைத்தான்.

தமிழ் அப்படிப்பட்ட மொழியா? 'மேலே சொன்னேனே' என்றால் முன்பு. 'மேலே படி' என்றால் இனி! பழைய உரையாசிரியர்களும் 'மேல்' என்பதை இரண்டுக்கும் ஆண்டிருக்கிறார்கள். அவர்கள் குழம்பவில்லை, ஏனென்றால் வினையின் காலம் திசையைக் காட்டிவிடும். மேற்சொன்ன என்றால் முடிந்தது, மேற்சொல்லும் என்றால் வரப்போவது. 'உள்ள' என்பதற்குக் காலமே இல்லை. அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'மேலே உள்ள', 'கீழே உள்ள' இரண்டும் கெட்டது அங்கேதான். 'கீழ்க்கண்ட' அதைவிட மோசம்: இன்னும் வராததை எப்போது கண்டோம்? (பார்வையற்றவரிடம் 'காண்' என்று சொல்லலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: என் நண்பர் தினமும் கிரிக்கெட் 'பார்க்கிறார்'.)

ஆகவே 'பின்வரும்', 'முன்சொன்ன' என்றே எழுதலாம். 'பின்' மட்டும் தெளிவா, பின்னால் போ என்றால் திரும்பிப் போவதுதானே என்று கேட்பார்கள். சரிதான், ஆனால் திசை காட்டும் வேலையை 'வரும்' செய்துவிடுகிறது. ஏட்டுத்தமிழ் என்பார்கள். தேர்வுத் தாளில் 'பின்வருவனவற்றுள்' என்று படித்து வளர்ந்தவர்களா இப்படிச் சொல்வது?

'வலச்சொடுக்கு' (ரைட் கிளிக்) இன்னொரு தொல்லை. என் மைத்துனன் இடக்கைக்காரன், மவுஸ் பொத்தான்களை மாற்றி வைத்திருப்பவன். அவனுக்கு அது இடச்சொடுக்கு. நண்பருக்கோ மவுஸே கிடையாது, ஷிஃப்ட்டும் எஃப்10-உம்தான். வலச்சொடுக்கில் திறக்கும் பட்டியலுக்குச் சூழல் பட்டி என்று பெயர்; 'சூழல் பட்டியைத் திறக்கவும்' என்று எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

கடைசியில் அந்தப் பச்சைப் பொத்தானை நான் போய்ப் பார்த்தேன். அதன் மேலேயே 'சமர்ப்பி' என்று எழுதியிருந்தது.