ஸ்டீரியோடைப் த்ரெட்: தாழ்வு மனப்பான்மை என்று மொழிபெயர்க்காதீர்கள்

என் பெறாமகள் ஏ.எல். கணிதப் பிரிவில் படித்த காலம். யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரி, தகரக் கொட்டகை, நெருக்கியடித்து வாங்குகள். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு சேர் சொன்னாராம்: “பொம்பிளைப் பிள்ளையள் இதில நேரத்தை வீணாக்காதேங்கோ.” பின்வாங்கில் சிரிப்பு. முதல்நாள் இரவு வீட்டில் அவள் செய்து முடித்த அதே வகைக் கணக்குத்தான். அன்று பாதியில் நின்றுவிட்டது. “சேர் சொன்னது பிழையெண்டு காட்டவேணும் எண்டு யோசிச்சனே ஒழிய, கணக்கை யோசிக்கேல்லை சித்தப்பா” என்றாள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் “தாழ்வு மனப்பான்மை” என்றார்கள். இல்லை. இதற்கு வேறு பெயர் உண்டு: ஸ்டீரியோடைப் த்ரெட். தன் கூட்டத்தைப் பற்றி ஊர் சொல்லும் குறை தன்னால் மெய்யாகிவிடுமோ என்ற நெருக்கடி அது.

பெயர் வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சமூக உளவியலாளர் கிளாட் ஸ்டீல். 1946இல் பிறந்தவர், 1971இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம், 1991இல் ஸ்டான்போர்ட். அங்கே ஜோஷுவா அரன்சனோடு சேர்ந்து அவர் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கறுப்பின, வெள்ளையின மாணவர்களிடம் கடினமான ஒரே மொழித்திறன் வினாத்தாள். சிலரிடம் “இது உங்கள் அறிவாற்றலை அளக்கும் சோதனை” என்றார்கள். கறுப்பினத்தவருக்கு அறிவு குறைவு என்ற பழைய பேச்சு அந்த வசனத்தோடு மண்டபத்துக்குள் வந்துவிட்டது, கறுப்பின மாணவர்களின் புள்ளி இறங்கியது. வேறு சிலரிடம் அப்படிச் சொல்லவில்லை. முந்தைய சோதனைப் புள்ளிகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, அங்கே இரு தரப்பும் ஏறக்குறைய சமம். பிள்ளைகளின் மூளை அதேதான். மாறியது சொன்ன ஒரு வசனம். தாழ்வு மனப்பான்மை என்றால் குறை பிள்ளைக்குள் இருக்கிறது என்றாகிவிடும். ஸ்டீல் அதைப் பிள்ளைக்கு வெளியே, பரீட்சை மண்டபத்தின் காற்றில் தேடினார்.

ஆனால் விஷயம் இங்கே முடியவில்லை. இதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. திரும்பச் செய்து பார்த்த சில பெரிய ஆய்வுகளில் விளைவு தெரியவில்லை. 2018இல் வெளியான, நெதர்லாந்தில் 2,000க்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளோடு நடந்த ஆய்வில், பெண் பிள்ளைகளின் கணிதப் புள்ளி இப்படி இறங்கவில்லை. ஆகவே இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்டீரியோடைப் அச்சுக்கூடத்துப் பிள்ளை. கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மையானது, ‘டுபோஸ்’ என்றால் பதிவு, அச்சு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த பக்கத்தின் மேல் அச்செடுத்து, அந்த அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றி ஒரே தகடாக வார்ப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பிறந்த பெயர் இது. தகட்டிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் தகட்டையே வெட்டவேண்டும். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், மனிதர் தலைக்குள் சுமக்கும் படங்களுக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தான் என்றதும் ‘பனங்கொட்டை சூப்பி’, கஞ்சன் என்று வருகிறதே, அதுவும் இப்படி வார்த்த தகடுதான்.

1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் 1842இல் மானிப்பாய்த் தமிழ் அகராதியும் அச்சான யாழ்ப்பாண மண்ணில் இதற்குச் சொல் தேடுவது கடினமா என்ன? ‘ஒரே மாதிரி’ என்பது சப்பை. ‘முற்சாய்வு’ வேறு பொருள்: அது ஒருவர் மேல் ஏற்கெனவே உள்ள விருப்பு வெறுப்பு. ‘வார்ப்புரு’ நல்ல சொல்தான், ஆனால் கணினிக்காரர் டெம்ப்ளேட்டுக்கு எடுத்துவிட்டார்கள். எனவே நான் ‘வார்ப்பெண்ணம்’ என்று எழுதுகிறேன். “அச்சில வார்த்த மாதிரி” என்று நாம் முகச்சாயலுக்குச் சொல்வதுதானே.

த்ரெட் என்பதற்கு ‘அச்சம்’ போதாது. அது மறுபடி பிள்ளைக்குள்ளே போய்விடும். ‘அச்சுறுத்தல்’ வெளியிலிருந்து வருவது. ஆக, வார்ப்பெண்ண அச்சுறுத்தல். இதிலுள்ள அச்சு அச்சுக்கூடத்து அச்சு அல்ல, அஞ்சுவதிலிருந்து வந்தது. ஆனாலும் இரண்டு அச்சும் ஒரே சொல்லின் நிழலில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெறாமகளிடம் சொன்னேன். “சரியா நீண்டு போச்சு, ஆனா தாழ்வு மனப்பான்மையை விடப் பரவாயில்லை” என்றாள்.