வெறும் சத்தம்தானே என்கிறீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது பிள்ளை. நான்காம் படிவம், பதினாறு வயது, மீசை அரும்பிய பையன். தலைவலி என்று பானடோல் கேட்டு என் அறைக்கு வந்தான். (பள்ளி ஆலோசகர்களிடம் வரும் தலைவலிக்கு முதலில் தூக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.) நான்கு இரவாகத் தூக்கமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பற்றிய ஒரு பாட்காஸ்ட் இணைப்பைப் புலனத்தில் அனுப்பி, கேட்டுவிட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் வரலாற்று ஆசிரியர். பையன் இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, இயர்போன் மாட்டிப் படுத்தபடி கேட்டிருக்கிறான். காலரா முகாம் வந்தபோது நிறுத்திவிடலாமா என்று தோன்றியதாம். வீட்டுப்பாடமாயிற்றே என்று நிறுத்தவில்லை.

ஆசிரியரிடம் பேசினேன். அக்கறையானவர்தான். "டீச்சர், கோரமான படம் எதையும் நான் காட்டவில்லையே, வெறும் சத்தம்தானே" என்றார்.

இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பேனோ. படம் என்றால் அதற்கு ஒரு சட்டகம் உண்டு. பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதில் இருப்பவர் யாரோ ஒருவர், எங்கோ ஒரு காடு. குரல் அப்படியில்லை. கேட்பவன்தான் படம் வரைய வேண்டும், வரைவதற்கு அவனிடம் இருப்பதெல்லாம் அவன் பார்த்தவைதான். இந்தப் பையன் வரைந்த முகாமில் இருந்தது அவன் தாத்தாவின் லயத்து வீடு. பாயில் கிடந்தவருக்கு அவன் தாத்தாவின் முகம். இதைவிடக் கோரமான படத்தை எந்த ஆசிரியரால் காட்டிவிட முடியும்? புத்தகமென்றால் கண் தானே இரண்டு வரி தாண்டிவிடும். பாட்காஸ்ட் யாருக்காகவும் காத்திருக்காது. முடிந்ததும் அடுத்த பகுதியைத் தானே தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், இயர்போனில் கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆளில்லை. வகுப்பில் ஒருவன் முகம் வெளுத்தால் நமக்குத் தெரியும். போர்வைக்குள் வெளுத்தால்?

ருவாண்டாவில் 1994இல் துட்சி இன மக்களைப் பிடித்துக் கொல்லத் தூண்டியதும் ஒரு வானொலிதான். அதை நிறுவியவர்களில் இருவருக்கு 2003இல் ருவாண்டாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டனை கொடுத்தது. அதுவும் வெறும் சத்தம்தான்.

பாட்காஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளில் பாடநூலின் நீண்ட மலாய்ப் பத்திகளில் சோர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களே ஒரு குரல் கதை சொன்னால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். ஆனால் எந்தக் குரல் என்று பாருங்கள். பின்னணியில் திகில் இசை ஓடவிட்டு, "அடுத்து நடந்தது என்ன?" என்று இடைவேளை விட்டு, விளம்பரம் முடிந்து வந்து பிணக்கணக்கு சொல்கிற நிகழ்ச்சிகள் நிறைய. அதில் போர்க்குற்றமும் பேய்க்கதையும் ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. நான் கேட்ட ஆங்கில நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதையைத்தான் சொல்கின்றன. ஜப்பானியர் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. வேலை செய்த கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். தாய்லாந்தின் கஞ்சனபுரிக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசையாகக் கல் உண்டு. வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய 2,00,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள், அதில் நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. பிள்ளைகளைக் கேட்க வைத்தால் "இதில் நம்ம ஆள் எங்கே?" என்ற கேள்வியையும் சேர்த்தே கொடுங்கள்.

இரண்டாவதாக வந்த பிள்ளை ஒரு பெண். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறாள், கூடத்தில் பாட்டி இருந்திருக்கிறார். எண்பது தாண்டியவர். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பாவைச் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள், அப்பா திரும்பவில்லை. அந்த வீட்டில் யாரும் இதைப் பேசியதே கிடையாதாம். "நிப்பாட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்து போய்விட்டார். பாட்டியை அழவைத்துவிட்டேன் என்று பேத்தி என்னிடம் வந்து அழுதாள். தோட்டத்து ஊரில் இந்தப் பாடம் நடத்துகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்: எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஆசிரியர்களே, முதலில் நீங்கள் முழுசாகக் கேளுங்கள். முன்னோட்டம் மட்டும் கேட்டுவிட்டு இணைப்பை அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எட்டோ பத்தோ நிமிடம் போதும், அதை வெட்டி எடுங்கள். வகுப்பிலேயே, ஸ்பீக்கரில், பகல் வெளிச்சத்தில் போடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் வேண்டவே வேண்டாம், பிள்ளை அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் தனியாக இருக்கும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுந்து வெளியே போகிறவனைக் காரணம் கேட்காதீர்கள், கோழை என்று கிண்டல் பண்ணவும் விடாதீர்கள். கேட்டு முடித்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். பேசுகிறவர் யார், அவர் அங்கே இருந்தாரா, உத்தரவு போட்டது யார், பிறகு யார் நீதிமன்றத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள். பயந்த மனசுக்குப் பிடித்துக்கொள்ள இவை கைப்பிடி. நேரடிச் சாட்சிக் குரல் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலம் பற்றிய வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன. இசையும் கிடையாது, திகிலும் கிடையாது.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. வளர்ந்த பிள்ளை திடீரென்று சமையலறை விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் கரண்ட் பில்லைச் சொல்லித் திட்டாதீர்கள். என்ன கேட்டாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். அந்தப் பையனின் அப்பா அதைத்தான் செய்தார். லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மீதிப் பகுதியை மகனோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டார். பாதியில் நிறுத்தி, தன் தாத்தா பெயரைச் சொன்னாராம். பையனுக்கு அதுவரை அந்தப் பெயர் தெரியாது.