கேரண்டி பத்திரத்தில் வரும் 'செவரல்'

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வங்கி நோட்டீஸுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா மகன் கடை வைக்க வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். அவரோடு போட்டவர்கள் இன்னும் 2 பேர். கடையை மூடியாயிற்று, பாக்கி 6 லட்சம். அவ்வளவையும் இவரிடமே கேட்டிருந்தார்கள்.

"மூணு பேர் போட்டோம், என் பங்கு 2 லட்சம்தானே சார்? ஜாயிண்ட் அண்ட் செவரல்னு பத்திரத்துலேயே இருக்கு. செவரல்னா பல பேர்னுதானே அர்த்தம்?"

அவர் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தது அந்தப் பொருளைத்தான்.

லத்தீனில் 'ஸே' என்றால் விலகி, 'பராரே' என்றால் ஆயத்தம் செய்வது. இரண்டும் சேர்ந்த 'ஸெபராரே', தனியே பிரித்து வைப்பதைக் குறிக்கும். செபரேட் என்ற சொல்லும் அந்த வேரில் கிளைத்ததே. அது இடைக்கால லத்தீனில் 'ஸெபராலிஸ்' ஆகி, இங்கிலாந்தில் அப்போது புழங்கிய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் செவரல் ஆனது. முதலில் இருந்த பொருள் 'தனித்தனியான' என்பதுதான். 'பல' என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. பேச்சில் பழைய பொருள் தேய்ந்துவிட்டது, சட்டம் அதை இன்னும் விடவில்லை.

தமிழ்ப் பத்திரங்களில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று எழுதுகிறோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தனித்தனியாக என்றதும் ஆளுக்கொரு பங்கு என்றே பலருக்கும் தோன்றுகிறது. அப்படியல்ல. ஒவ்வொருவரும் தனி ஆளாக நின்று முழுக் கடனுக்கும் பொறுப்பு. வங்கி மூவரையும் கேட்கலாம், சம்பளமோ பென்ஷனோ ஒழுங்காக வருகிற ஒருவரை மட்டும் பிடிக்கலாம்.

"முதலில் கடன் வாங்கியவனைக் கேட்கட்டும்" என்ற வாதமும் நிற்காது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. கடனாளியிடம் வசூலித்துப் பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1968இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, அவர் சொன்ன 2 லட்சக் கணக்கு? அது வேறு இடத்தில் செல்லும். 146ஆவது பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முழுதும் கட்டியவர் மற்ற இருவரிடமும் அவரவர் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம். கடன் வாங்கியவரிடமும் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் கையை விட்டுப் பணம் போக வேண்டும்.

128ஆவது பிரிவிலேயே ஒரு வாசலும் இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி. இவ்வளவு தொகைக்கு மேல் என் பொறுப்பு இல்லை என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். வங்கி ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அப்போது, முழுத் தொகையும் நம் தலையில் விழுந்தால் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் பேனாவை எடுங்கள்.

ஆசிரியர் வைப்புநிதியை உடைத்துக் கட்டினார். மற்ற இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பினோம். ஒருவர் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் மேல் வழக்கு நடக்கிறது.