அது சூடு இல்லை, ஐயா

போன வாரம் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து எழுபது வயது கடந்த விவசாயி ஒருவரை மகன் கூட்டிவந்தார். முதல் நாள் மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை. அடிவயிறு குடம்போல இறுகியிருந்தது. சிறுநீர்ப்பைக்குள் பெரிய கதீற்றரை (சிறுநீர் வடிக்கும் குழாயை)ச் செலுத்தி, சேலைன் விட்டு இழுத்தபோது ஈரல் துண்டுகள்போல உறைந்த இரத்தம் வந்தது. கிண்ணம் இரண்டு தடவை நிரம்பியது. பன்னிரண்டு நாட்களாகச் சிறுநீர் சிவந்திருக்கிறது. வயல் வெயிலில் சூடு பிடித்துவிட்டதென்று நன்னாரி அவித்துக் குடித்திருக்கிறார்.

முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா என்றால், இல்லையாம். மகன்தான் தயங்கித் தயங்கி, "புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடித்தது, டொக்டர். ஆறு வருடமாகிறது, அதெல்லாம் சுகம்" என்றார்.

கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்ச் சிகிச்சையை. புற்றுநோய் சுகம்தான். ஆனால், "ஆறு வருடத்துக்கு முந்தியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டேன். குளக்கட்டில் எலி வளை தோண்டினால் கட்டு அன்றே உடைகிறதா? சில மாரி கழிந்தே கசியும். கதிர் பட்ட சிறுநீர்ப்பையில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் மெல்ல அடைபடுகின்றன. பிறகு முளைக்கும் வலுவற்ற குழாய்கள் இலேசில் கசிகின்றன. ஆறு மாதத்திலும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை, இதற்குப் பயந்து கதிர்ச் சிகிச்சையை மறுக்காதீர்கள்.

இளம் வைத்தியர்களுக்கும் ஒரு சொல்: கிருமி என்று அன்ரிபயோற்றிக் எழுதி அனுப்பிவிடாதீர்கள். சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பாருங்கள், அங்கே புதிய கட்டியும் இருக்கலாம். கழுவியும் இரத்தம் நிற்காவிட்டால் படிகாரக் கரைசல் விடுவதுண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. சிறுநீரக நோய் அதிகமுள்ள வவுனியாப் பக்கத்தவர் என்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியற்றினினை முதலில் பாருங்கள். (படிகாரம் என்றதும் வீட்டில் கரைத்துக் குடிக்கப் புறப்படாதீர்கள்!)

சிவப்பு ஒரு நாள் தெரிந்தாலும் வாருங்கள். இரத்தம் கரைக்கும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளில் தந்த சிகிச்சை அட்டையைப் பெட்டிக்கடியில் வைக்காமல் கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.

சிறுநீரோடு காற்றுக் குமிழி வந்தாலோ, மலவாசலால் சிறுநீர் கசிந்தாலோ அன்றே வரவேண்டும். அரிதாக, சிறுநீர் முன்இடுப்பெலும்புக்குள் கசிந்து, நடந்தாலே அந்த இடம் வலிக்கும். அதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அது காந்தத்தால் படமெடுக்கும் கருவி; உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு இருந்தால் தயவுசெய்து முன்பே சொல்லுங்கள். இந்த ஐயாவின் தொடையில் இரண்டு இருக்கின்றன. அதையும் மகன்தான் சொன்னார்.