கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா மேஞ்சது டாக்டர், காலையில பாத்தா விறைச்சுக் கிடக்கு." பொங்கல் கழிந்து டெல்டாவில் அறுவடை முடிந்ததும், வயல் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட வந்திருக்கும் கீதாரிகளிடமிருந்து (ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டுபவர்கள்) இந்த போன் வராத வருஷமே எனக்கு இல்லை. செத்தது நோஞ்சான் குட்டியாக இருக்காது, கிடையிலேயே நன்றாகக் கொழுத்ததாக இருக்கும். தலை பின்னால் வளைந்திருக்கும், உதைத்து உதைத்து காலடியில் மண் பறிந்திருக்கும். துள்ளி விழுந்து சாவதால் இந்த நோய்க்குத் துள்ளுமாரி என்று பெயர். செய்வினை என்று கோழி அறுத்தவர்களும் உண்டு.

கடைசியாகப் பார்த்த கிடையில் குட்டியை அறுத்தேன். (மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்திருந்தால் அறுக்கவே கூடாது, அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம்.) இரைப்பை நிறைய நெல்மணி. சிறுநீரகம் விரல் பட்டதும் களி மாதிரி நசுங்கியது. மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டையை மூத்திரப்பையில் தொட்டு எடுத்தேன், நிறம் மாறிவிட்டது. எல்லாம் துள்ளுமாரியின் அடையாளம்.

இதைக் கொண்டுவரும் கிருமி, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ், ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். தாளடியில் சிந்திய நெல்லையோ மழைக்குப் பின் தளதளவென்று வந்த புல்லையோ குட்டி ஒரேயடியாகத் தின்றால், செரிக்காத மாவு குடலுக்கு இறங்கி, கிருமி மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்குகிறது. அது ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

நான் குட்டியை அறுத்துப் பார்த்த அந்தக் கிடையின் கீதாரி பையில் பாதி டெட்ராசைக்ளின் பாட்டில் வைத்திருந்தார். கண் அளவில் ஊசி போட்டிருக்கிறார், துள்ள ஆரம்பித்திருந்த இரண்டு குட்டிகளும் விடிவதற்குள் போய்விட்டன. ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும், கக்கிய நஞ்சை ஒன்றும் செய்யாது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு வயல்வெளியில் வேறு யாரைக் கூப்பிடுவார்?

சரி, என்ன செய்யலாம்? முதல் குட்டி விழுந்ததுமே கிடையை அந்த வயலிலிருந்து கிளப்பி, இரண்டு மூன்று நாள் காய்ந்த தீவனத்தில் நிறுத்துங்கள். மிச்ச ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். ஆனால் அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்கு முன்னாலும் கிடை கிளம்புவதற்கு முன்னாலும் போட்டிருப்பதுதான் கணக்கு. முதல் தடவை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி, அப்புறம் வருஷா வருஷம். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும்.

தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். மடியில் முடிந்துகொண்டு வெயிலில் நடந்து போய்ப் போட்ட ஊசிக்கு, "போட்டும் செத்துருச்சே டாக்டர்" என்று என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.