கட்டிலுக்கு முன்பு: ‘ப்ரீகிளினிக்கல்’ என்ற சொல்

குன்னூர் மார்க்கெட் பக்கம் கிளினிக் என்றால் ஒரு பெஞ்சு, ஒரு பச்சைத் திரை, டோக்கன் எழுதும் ஒரு பெண், அவ்வளவுதான். படுக்கை இருக்காது. படுக்கவேண்டிய நிலைமை வந்தால் கோவைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பதே படுக்கைதான். கிரேக்கத்தில் ‘கிளினே’ என்றால் கட்டில். ‘கிளினிக்கோஸ்’ என்றால் கட்டில் சார்ந்தது, அதாவது நோயாளியின் கட்டிலருகே நின்று பார்க்கிற வைத்தியம். அது பல மொழி தாண்டி நம் ஊர் போர்டுக்கு வந்து சேர்ந்தபோது கட்டில் வழியில் எங்கோ நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மருத்துவமனையின் அளவை ‘நூறு படுக்கை’, ‘ஐம்பது படுக்கை’ என்று நாம் இன்னமும் கட்டில் கணக்கில்தான் சொல்கிறோம்.

இதையெல்லாம் கிளறவைத்தவள் அக்கா மகள். ஊட்டியில் பார்மசி படிக்கிறாள். கல்லூரிக் கண்காட்சிக்குத் தமிழில் ஒரு சார்ட் எழுதவேண்டும். உடற்பருமனுக்கான மருந்து தேடும் ப்ரீகிளினிக்கல் ஆராய்ச்சியில் மூளையின் சர்க்யூட்டுகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது விஷயம். ‘முன்மருத்துவ ஆய்வில் மூளை மின்சுற்றுகள்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அக்காவிடம் படித்துக் காட்டினோம். “டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி கை வைத்தியம் பாப்போமே, அதுவா?” என்றாள் அக்கா. தப்பே இல்லை. ‘முன்மருத்துவம்’ என்றால் தமிழ்க் காதில் அப்படித்தான் விழும்.

இந்த இடத்தில் கட்டில் என்பது மனிதரின் கட்டில். ஒரு மருந்து மனிதர் உடம்புக்குள் போவதற்கு முன்னால் நடக்கிற எல்லாம் ப்ரீகிளினிக்கல்: தட்டில் வளர்த்த செல், கணினிக் கணக்கு, சுண்டெலி, எலி. ‘விலங்காய்வு’ என்றால் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் செல் ஆய்வும் கணினிக் கணக்கும் வெளியே போய்விடும். அதனால் ‘மனிதருக்கு முந்தைய ஆய்வு’ என்றேன். “நீளமா இருக்கு மாமா” என்றாள். இருக்கட்டும், புரிகிறதே.

அப்புறம் சர்க்யூட். லத்தீனில் ‘சுற்றிப் போவது’ என்று பொருள். ஊட்டி சீசனில் ஓடும் சர்க்யூட் பஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்டாண்டில் கிளம்பி, பூங்கா, படகு இல்லம் என்று தொட்டுவிட்டு ஸ்டாண்டுக்கே திரும்பி வரும். பசியும் அப்படித்தான் சுற்றுகிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று பாதாம் பருப்பளவில் ஓர் இடம். (தலாமஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை, மணமக்களின் படுக்கையறை என்று பொருள். ஆக ஹைப்போதலாமஸ் பள்ளியறைக்குக் கீழ்! இந்த விஷயத்தில் கட்டில் விடாமல் துரத்துகிறது.) அங்கே ஏஜிஆர்பி என்ற வகை நரம்பணுக்கள் துடித்தால், ‘போதும்’ சொல்லும் அணுக்களின் வாய் அடைபடும், பசிக்கும். சாப்பிட்டு உடம்பில் கொழுப்பு சேரச் சேர, அந்தக் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் இரத்தத்தில் ஏறி வந்து ஏஜிஆர்பியை அடக்கும். லெப்டினை 1994-இல் கண்டுபிடித்தவர்கள் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டது, பாருங்கள். எனவே ‘சுற்று’ சரி. ‘மின்சுற்று’ வேண்டாம், இங்கே ஓடுவது மின்சாரம் மட்டுமல்ல, இரத்தத்தில் வரும் சுரப்பும்தான். ‘நரம்புச் சுற்று’ என்றால் போதும்.

எந்த அணு எந்த வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? பாசியிலிருந்து எடுத்த, ஒளிபட்டால் திறக்கும் ஒரு புரதத்தைச் சுண்டெலியின் குறிப்பிட்ட நரம்பணுக்களில் ஏற்றி, மெல்லிய ஒளியிழையால் விளக்குப் போடுவார்கள். 2011-இல் இப்படி ஏஜிஆர்பி அணுக்களைத் தட்டியபோது, வயிறு நிறைந்த சுண்டெலிகள் சில நிமிடத்திலேயே அள்ளித் தின்ன ஆரம்பித்தன.

சரி, மருந்துக்கு இதனால் என்ன? எலி சாப்பிடுவதைக் குறைத்தால், அது வயிறு நிறைந்தா, குமட்டலாலா என்று பார்க்கவேண்டும். எடை குறைக்க இப்போது புழக்கத்தில் உள்ள செமாகுளுடைடு போன்ற மருந்துகள் பின்மூளையில் வாந்தியை உணரும் பகுதியையும் தொடுகின்றன. எலியும் சுண்டெலியும் வாந்தி எடுக்கவே எடுக்காதவை. அதனால் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கூண்டில் வைக்கிறார்கள்; குமட்டல் வந்தால் எலி மண் தின்னும். அதிலும் திருப்தி இல்லாதவர்கள் வாந்தி எடுக்கக்கூடிய ஒரு சின்னப் பிராணியை வைத்துப் பார்க்கிறார்கள். வேறு எதுவும் இல்லை, நம் வீட்டு மூஞ்சூறு! இதைக் கேட்டதும் அக்கா, “பிள்ளையார் வண்டியவா?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பசியைத் தொடும் மருந்து மனதையும் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரிமோனாபன்ட் உதாரணம். 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டியதால் 2008-இல் நிறுத்தம். நரம்பணுவில் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம், அதாவது ஏற்பி, பசியின் சுற்றில் மட்டுமல்ல, மனநிலையைக் கவனிக்கும் சுற்றுகளிலும் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று, கொழுப்பு மிகுந்திருந்தும் உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்யும் நிலைக்கு ‘ப்ரீகிளினிக்கல் ஒபீசிட்டி’ என்று பெயர் வைத்தது. அங்கே கட்டிலுக்கு முன்பு என்றால் நோயாக முற்றுவதற்கு முன்பு. எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்துச் சமாளிக்கிறார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கவேண்டும்? இதற்கு ‘நோய்நிலை எட்டாத உடற்பருமன்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘முன்பருமன்’ என்று யாராவது எழுதினால், முன்பக்கம் மட்டும் பெருத்தவர் என்று எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

சார்ட்டில் கடைசியில் ஏறியது: ‘மனிதருக்கு முந்தைய ஆய்வில் பசியின் நரம்புச் சுற்று’. எழுத்து பெரிதாகிப்போய் ‘சுற்று’ மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. மூஞ்சூறு படத்தை அந்தக் காலி இடத்தில் வரைந்துவிட்டாள்.